விடாமுயற்சியா, பிடிவாதமா?



நம் வாலிபப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது தங்களைக் குறித்து 'பெர்சிஸ்டென்ட்' என்று ஒரு ஆங்கில வார்த்தை போடுகிறார்கள். இதன் அர்த்தம் என்ன?

இது இலத்தீனிலிருந்து வந்தது. 'பெர்' என்றால் முடிவுமட்டும். 'சிஸ்டரே' என்றால் நிற்பது. முடிவுமட்டும் நிற்கிறவரே பெர்சிஸ்டென்ட்.

ஆனால் கவனியுங்கள்! இது எப்போதும் புகழ்ச்சி அல்ல. "மூணு வாரமா இருமல் விடமாட்டேங்கு" என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் அந்த இருமலுக்கும் இதே வார்த்தையைத்தான் எழுதுவார். விடாமல் நிற்பது நல்லதாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

இதற்குப் பக்கத்து வீட்டு வார்த்தை 'ஆப்ஸ்டினேட்'. அது பிடிவாதம். நியாயத்தை எடுத்துச் சொன்னாலும் அசையாதது பிடிவாதம். நியாயத்துக்காக அசையாமல் நிற்பது விடாமுயற்சி.

நம் மாவட்டத்துச் சரித்திரத்திலேயே இரண்டையும் பார்க்கலாம். நாடார் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்பது அன்றைய திருவிதாங்கூரின் வழக்கம். மூடினவர்களின் துணியை 1822-ல் கல்குளம் பகுதியில் சந்தையிலும் தெருவிலும் கிழித்தார்கள். 1829-ல் அரசும், அவர்களுக்குத் தோள்சீலை உரிமை இல்லை என்று அறிவித்தது. அந்தத் தாய்மார் விட்டார்களா? மறுபடியும் உடுத்தினார்கள், மறுபடியும் அடிபட்டார்கள். 1858-ல் கலகம் மீண்டும் வெடித்தது. 1859 ஜூலை 26-ல் அரசு இறங்கிவந்து மேலாடைக்கு அனுமதி கொடுத்தது. அதிலும், மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை! முப்பத்தேழு வருஷம் இரண்டு தரப்பும் விடாமல் நின்றது. ஒன்று பிடிவாதம், மற்றது விடாமுயற்சி.

லூக்கா 11-ல் நடுராத்திரியில் அப்பம் கேட்டு வந்த சிநேகிதனை நினைத்துப் பாருங்கள். 1611-ம் வருஷத்து ஆங்கில வேதாகமம் அவன் செய்கையை 'இம்பார்ச்சுனிட்டி' என்கிறது. ஓயாமல் நச்சரிப்பது என்று அர்த்தம். நாம் முகம் சுளிக்கிற குணம்தான். ஆனால் அவன் கேட்டது தனக்காக அல்ல, பசியோடு வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காக. ஆகவே ஆண்டவர் அவனை ஜெபத்துக்கு மாதிரியாக வைத்தார்.

அருமையானவர்களே, கூடப்பிறந்தவனோடு ஒரு முழம் எல்லைக்காக இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடக்கிறவரும் விடாமல்தான் நிற்கிறார். ஆதலால், "நான் விடமாட்டேன்" என்று சொல்லுமுன் ஒரு கேள்வி கேட்போம்: நான் பிடித்திருப்பது நியாயமா, என் வீம்பா? வீம்பு என்றால் இன்றைக்கே விட்டுவிடுவோம். நியாயம் என்றால், முடிவுமட்டும் நிற்போம்.