வரிசையில் நிற்கும் வாண்டு

கேள்வி: திருவனந்தபுரம் பழவங்காடி கணபதி கோயிலுக்கு நான்கு வயது மகனோடு போகிறோம். வரிசையில் நச்சரிக்கிறான். செல்போன் கொடுக்காமல் எப்படிச் சமாளிப்பது?

பதில்: அங்கே செல்போனே வேண்டாம் அம்மா. தேங்காய் உடைப்பதுதான் அந்தக் கோயிலின் பெரிய நேர்த்திக்கடன். அது தெரியும்படி பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். சில்லு காலில் குத்தும், இறக்கிவிடாதீர்கள். பத்துக் காய் உடையும் சத்தத்தை எண்ணட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் தெறித்தது, ஓடு எது, பருப்பு எது என்று கேளுங்கள்.

தரிசனம் முடிந்த பிறகு பத்மதீர்த்தக் குளத்தருகே இருக்கும் மேத்தன் மணி என்ற கடிகாரத்தைக் காட்டுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால், மணிக்கொரு முறை அதிலுள்ள தாடிக்காரப் பொம்மை வாயைத் திறக்கும், இரண்டு கடாப் பொம்மைகள் அதன் கன்னத்தில் முட்டும். ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். பெரிய முள் எங்கே வந்தால் முட்டும் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.