அக்காவுக்கு ஒரு வெட்டு, தங்கைக்கு வேறொன்று

எங்கள் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே கோளாறு. கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய, அதன் அடிமூட்டு புடைத்துக்கொண்டு செருப்பில் உரசும் பன்யன். அம்மாவின் கால் தேறியதைப் பார்த்துவிட்டு, “அக்காவுக்குச் செஞ்ச ஆபரேஷனையே எனக்கும் செஞ்சிடுங்க டாக்டர்” என்றார் சித்தி. டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

காரணம் எக்ஸ்ரேயில் இருந்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரே. படுக்கவைத்து எடுத்தால் எலும்பின் விலகல் குறைவாகத் தெரியும். பாதத்தின் முதல் இரண்டு நீள எலும்புகளுக்கு நடுவே உள்ள கோணம் 9 டிகிரிக்குள் இருப்பது இயல்பு. அம்மாவுக்கு 12, சித்திக்கு 18. போதாததற்கு, டாக்டர் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது சித்தியின் நடுப்பாத மூட்டு ஆடியது.

அம்மாவுக்குச் செய்தது செவ்ரான். எலும்பை விரலுக்குப் பக்கத்தில் ‘வி’ வடிவில் வெட்டி, முனையை இரண்டாம் விரல் பக்கம் நகர்த்தி, ஸ்க்ரூ போடுவார்கள். மறுநாளே அடி வளையாத செருப்பை மாட்டிக்கொண்டு குதிகாலை ஊன்றி நடந்தார். கோணம் சற்றுக் கூடினால் எலும்பை நீளவாக்கில் ‘இசட்’ வடிவில் வெட்டும் ஸ்கார்ஃப் முறை உண்டு.

சித்தியின் சிக்கல் எலும்பின் வேரில். அதற்கு, நியூயார்க்கில் பால் லாபிடஸ் 1934-இல் விவரித்த முறை. ஆடுகிற மூட்டின் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, எலும்புகளை நேராக்கி, பிளேட் வைத்து ஒட்டவிடுவது. ஆறு வாரம்போலக் காலை ஊன்றக் கூடாது என்பது பழைய வழக்கம். இப்போது பிளேட்டின் பலத்தைப் பார்த்துச் சிலர் முன்னதாகவே ஊன்ற விடுகிறார்கள், சித்திக்கு விடவில்லை. வாக்கரில் நடக்க முன்கூட்டியே பழகியிருந்தது பெரிய உதவி.

மூட்டை ஒட்டிவிட்டால் தரையில் உட்கார்ந்து எழ முடியாதே என்று சித்தி பயந்தார். தேவையில்லாத பயம். லாபிடஸில் ஒட்டுவது இயல்பிலேயே அதிகம் அசையாத நடுப்பாத மூட்டை. விரல் மடங்கும் மூட்டு அப்படியே இருக்கும். விரல் மூட்டே தேய்ந்துபோய் அதை ஒட்டும் ஆபரேஷன்தான் குத்துக்காலிட்டு உட்காருவதைக் கடினமாக்கும். வீட்டில் இந்திய முறைக் கழிப்பறை என்றால் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

“புடைப்பை மட்டும் தேய்ச்சு விடக் கூடாதா?” என்று எல்லோரும் கேட்பார்கள். 1923-இல் சில்வர் சொன்ன முறை அது. கோணம் மாறாததால் புடைப்பு திரும்பிவிடுகிறது. சிறு துளை வழியாகச் செய்யும் முறையில் தழும்பு சிறியதுதான். ஆனாலும் உள்ளே எலும்பை வெட்டத்தான் வெட்டுகிறார்கள். டாக்டர் அதில் நிறையக் கைப்பழக்கம் உள்ளவரா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆபரேஷனுக்கு முதல் நாளே மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். வீங்கிய விரலில் அது சிக்கினால் வெட்டித்தான் எடுக்க நேரும். வீக்கம் முழுதாக வற்ற ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதுவரை செருப்பை மாலை நேரத்தில், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கினால் காசு வீணாகாது.