குறைமாதக் குழந்தையும் அலுமினியமும்

நிறைமாதத்திற்கு வெகு முன்பே பிறந்துவிட்ட குழந்தையின் குடல், பாலைச் செரிக்கும் வலிமையைப் பெற்றிருப்பதில்லை. கெடா தோட்டப்புறங்களிலிருந்து அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனைக்கோ சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ செல்லும் பெற்றோர், தம் குழந்தையின் மெல்லிய இரத்தக் குழாயில் சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்புகள் அடங்கிய கரைசல் துளித்துளியாக ஏற்றப்படுவதைக் காணக்கூடும். அதுவே அக்குழந்தையின் உணவாகும்.

இவ்வுணவில் யாரும் சேர்க்காமலே கலந்துவிடும் பொருள் ஒன்று உண்டு. அது அலுமினியம். நம் வீட்டு அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு கொதிக்கும்போதும் சிறிதளவு கரையத்தான் செய்கிறது. ஆயினும், குடல் அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட உள்ளே விடுவதில்லை. அப்படி நுழைந்ததையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. இரத்தத்தில் நேரே ஏற்றப்படும் உணவுக்கோ குடல் என்னும் காவல் இல்லை. குறைமாதக் குழந்தையின் சிறுநீரகமும் முதிர்ச்சி அடைந்ததன்று. எனவே அலுமினியம் எலும்பிலும் மூளையிலும் தங்குகிறது.

அது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி கண்ணாடிக் குப்பியிலிருந்தே வருகிறது. கண்ணாடியில் அலுமினியம் கலந்துள்ளது. எலும்பு வளர்ச்சிக்காகச் சேர்க்கப்படும் கால்சியம் குளுக்கோனேட் மருந்தைக் குப்பியோடு சூடேற்றிக் கிருமி நீக்கும்போது, அம்மருந்து கண்ணாடியிலுள்ள அலுமினியத்தை இழுத்துக்கொள்கிறது. நன்மைக்கென்று இடும் மருந்தே இதனைக் கொண்டுவருவது விந்தைதான். பிளாஸ்டிக் குப்பியில் அடைத்த அதே மருந்தில் அலுமினியம் மிகக் குறைவு.

இங்கிலாந்தில் 227 குறைமாதக் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1997இல் வெளிவந்தது. வழக்கமான கரைசல், நாளொன்றுக்குக் குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 45 மைக்ரோகிராம் அலுமினியத்தைத் தந்தது. அலுமினியம் குறைக்கப்பட்ட கரைசல் 4 முதல் 5 மைக்ரோகிராம் மட்டுமே தந்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அளவுதானே என்று எண்ண வேண்டா. பதினெட்டாம் மாதத்தில் சோதித்தபோது, நரம்புக் குறைபாடற்ற குழந்தைகளிடையே, வழக்கமான கரைசல் ஏற்றிய ஒவ்வொரு நாளுக்கும் மனவளர்ச்சி மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறைந்திருந்தது. அமெரிக்க அரசாங்கம் 5 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட அளவைப் பற்றி எச்சரிக்கும் விதியை 2004இல் நடைமுறைப்படுத்தியது.

இதைக் கேட்டு அஞ்சி, "ஏற்ற வேண்டாம், டாக்டர்" என்று எந்தப் பெற்றோரும் சொல்லிவிடலாகாது. இவ்வுணவின்றி அக்குழந்தை பிழைப்பதே அரிது. ஏற்றும் நாள்களைக் குறைப்பதே வழி. இங்குத் தாயின் பங்கு பெரிது. தாய்ப்பாலில் அலுமினியம் மிகமிகச் சொற்பம். மருத்துவர் இசைந்ததும் சில துளிகளாகத் தொடங்கும் பால், குடலைப் பழக்கிக் கரைசலின் தேவையைப் படிப்படியாகக் குறைக்கிறது. ஆதலின் பிள்ளை பெற்ற முதல் நாளிலிருந்தே சீம்பாலைப் பிழிந்தெடுத்து வைக்க வேண்டும். தூய கலத்தைத் தாதியரிடமே கேட்டுப் பெறலாம். கலத்தின்மேல் தாயின் பெயரையும் பால் எடுத்த நேரத்தையும் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அனுப்பினால், பால்வெட்டு முடிந்து மருத்துவமனைக்குச் செல்லும் தந்தையே அதனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.