பூந்தொட்டிக்குக் காவியும் சுண்ணாம்பும்

திண்ணையில் நான்கு பூந்தொட்டிகள் இருந்தாலே வீட்டின் முகப்பு பொலிவுறும். அவற்றை அழகு செய்யப் பலர் எண்ணெய் வர்ணம் பூசுகின்றனர். நான் அதனை ஆதரிப்பதற்கில்லை. சுட்ட மண் தொட்டியின் நுண்துளைகள் வழியே ஈரம் கசிந்து ஆவியாகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. வர்ணம் அத்துளைகளை அடைத்துவிட்டால், வழக்கம்போல் ஊற்றும் நீரே வேரை அழுகச் செய்யும். கோயில் மதிலுக்கு அடிக்கும் காவியும் சுண்ணாம்பும் போதும். வெளிப்புறம் மட்டும் பூசுக. மழையில் கரைந்தால், பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சியதைப் பூசலாம்.

தொட்டியைவிட அதன் அடித்தட்டே எனக்குக் கவலை தருவது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தட்டில் தேங்கும் நீரின் விளிம்பில் முட்டையிடும். அது கொசுவாக ஏறக்குறைய 8 முதல் 10 நாட்களாகும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்ப்பதுடன், ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். ஒட்டியுள்ள முட்டைகள் காய்ந்தும் பல மாதம் உயிர் தாங்கும். ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வீட்டுத் தட்டை முதலில் பார்ப்பார்களாக.