சாக்கடை நீர் மீண்டும் தூய்மையாகுமா?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும் நிலையங்கள் தொடங்கின. அந்த நீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் குடும்பங்களுக்கு மிஞ்சுகிறது.

நாளை இத்தகைய நீர் நம் வீட்டுக் குழாய்க்கே வந்தால் ஒளு செய்யலாமா? நஜீஸ் கலந்து நிறமோ சுவையோ வாடையோ மாறிய தண்ணீர் அசுத்தம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த மாற்றம் அடியோடு நீங்கினால்? 1978இல் சவூதியின் மூத்த உலமாக்கள் சபை, நிபுணர்களின் விளக்கத்தைக் கேட்டுவிட்டே இதற்குப் பதில் சொன்னது: நஜீஸின் அடையாளம் எதுவும் மிஞ்சாவிட்டால் அது தூய நீர்தான், ஒளுவுக்கும் குளிப்புக்கும் ஆகும். உடல்நலம் கருதிக் குடிக்காமல் இருப்பது நல்லது என்றும் சொன்னது.

வாசனை சேர்த்து நாற்றத்தை மறைப்பது வேறு விஷயம். ஷாஃபிஈ மத்ஹபில் அப்படிச் செய்த நீர் தூய்மையாகாது. அடுக்குமாடிகளில் ஃப்ளஷுக்கு வரும் மறுசுழற்சி நீரில் கழிவின் வாடை இன்னும் இருந்தால், அது கழிவறையோடு நிற்கட்டும்; உடையில் தெறித்தால் கழுவிவிட்டுத் தொழுங்கள்.