கைத்திறன் வளர்த்த நகரம்

நுழையும்முன்

ஒரு நகரம் எதனால் வளர்கிறது? துறைமுகத்தால் செழித்த நகரங்கள் உண்டு. ஆற்றுவளத்தால் பெருகிய நகரங்கள் உண்டு. அரசர்கள் தலைநகராக்கியதால் உயர்ந்த நகரங்களும் உண்டு. துறைமுகமும் பேராறும் நிலக்கரிச் சுரங்கமும் இல்லாமல் தொழில்நகரமாக உயர்ந்தது கோயம்புத்தூர். அதன் வளர்ச்சியில் தொழில் கற்ற கைகளின் பங்கு யாது? கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்கவில்லை? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மலையிலிருந்து இறங்கும் சாலை

கொடைக்கானல் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து மேலேறினால் செண்பகனூரை அடையலாம். 1895இல் தொடங்கப்பெற்ற திரு இருதயக் கல்லூரியும், அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இவ்வூருக்குப் பெருமை சேர்ப்பவை. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு ஆகியவை இம்மலைப்பகுதியில் விளைகின்றன. மழை பொய்த்தாலும், காய்கறி விலை சரிந்தாலும், சுற்றுலாப் பயணியர் வருகை குறைந்தாலும் இங்குள்ள குடும்பங்களின் வருவாய் உடனே குறையும். எனவே, பள்ளிப்படிப்பை முடித்த இளையோர் பலர் வேலை தேடிச் சமவெளிக்குச் செல்கின்றனர். பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு இறங்கும் சாலை, உடுமலை, பொள்ளாச்சி வழியாக அவர்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு சேர்க்கிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியில் வாழ்ந்தோர் 36,501 பேர். கோயம்புத்தூர் நகரத் தொகுதியில் வாழ்ந்தோர் 21 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். சுற்றியுள்ள ஊர்களின் உழைப்பாளரை ஈர்த்துக்கொண்டே ஒரு பெருநகரம் வளர்கிறது. அவ்வாறு ஈர்க்கப்பட்டவர்களுக்கு அந்நகரம் என்ன கற்றுத் தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

மேற்கூறிய சாலையின் ஒரு பகுதியில் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் பேருந்து ஓட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் தாமே ஓட்டிய அந்த ஒற்றைப் பேருந்து, பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. அவர்தாம் ஜி.டி. நாயுடு. 1893இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், முறையான பள்ளிக்கல்வி மிகுதியாகப் பெற்றவரல்லர். உணவகத்தில் வேலைசெய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, அது இயங்கும் முறையைக் கற்றார். கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்நிகழ்வு ஒரு திறவுகோல்.

பஞ்சும் மின்சாரமும்

கொங்கு நாட்டின் கரிசல் மண் பருத்திக்கு ஏற்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் நூற்பதற்குத் துணைசெய்தது. 1888இல் இராபர்ட் ஸ்டேன்ஸ் என்பவரின் முயற்சியால் நகரின் முதல் நூற்பாலை தோன்றியது. ஆயினும், அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆலைகளின் எண்ணிக்கை மெல்லவே உயர்ந்தது. நிலக்கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தமை அதற்கு ஒரு காரணம்.

1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் செயற்பாட்டிற்கு வந்தது. மலையில் விழும் நீர், சமவெளியின் ஆலைகளுக்கு ஆற்றலாயிற்று. நூற்பாலைகள் விரைந்து பெருகின. வேளாண்மையிலும் மாற்றம் நிகழ்ந்தது. மழை குறைந்த கொங்குப் பகுதியில் கிணறுகள் மிக ஆழமானவை. மாடு பூட்டிக் கவலை இறைத்து வந்த உழவர்கள், மின்சாரம் வந்ததும் பம்புசெட்டுகளை நாடினர்.

பஞ்சும் மின்சாரமும் வேறு பல ஊர்களுக்கும் கிடைத்தன. அவ்வூர்கள் அனைத்தும் கோயம்புத்தூரைப் போல் வளர்ந்துவிடவில்லை. ஆகவே, மூலப்பொருளும் ஆற்றலும் வளர்ச்சிக்குத் தேவையானவையே; ஆனால், அவை மட்டும் போதுமானவையல்ல.

பழுது பார்த்தோர் படைப்போராதல்

நூற்பாலை இயந்திரங்கள் அயல்நாட்டிலிருந்து வந்தவை. ஒரு பற்சக்கரம் தேய்ந்தால் மாற்றுப்பொருள் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை இயந்திரம் ஓடாது, தொழிலாளிக்கும் வேலையிராது. அதனால் ஆலைகளை ஒட்டிச் சிறு பட்டறைகள் தோன்றின. தேய்ந்த உறுப்பைப் பார்த்து அதேபோல் வார்ப்பதும், லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவதும் அங்கு நாள்தோறும் நிகழ்ந்தன. ஓர் உறுப்பைச் செய்யக் கற்றவர் காலப்போக்கில் முழு இயந்திரத்தையும் செய்யத் துணிந்தார்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். மோட்டாரும் வார்ப்படத் தொழிலும் ஓரிடத்தில் அமைந்ததால் பம்புசெட்டு உற்பத்தி அந்நகரின் அடையாளமாயிற்று. மாவரைக்கும் கிரைண்டரும் அங்கேயே பிறந்தது. இன்று கோயம்புத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பஞ்சாலை இயந்திரங்களை இறக்குமதி செய்த நகரில், அவ்வியந்திரங்களையே உருவாக்கும் இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962இல் தொடங்கப்பெற்றது.

இவ்வளர்ச்சிக்கு மற்றொரு காரணமும் உண்டு. பெரிய ஆலைகள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்வதில்லை. வார்ப்படம் ஒரு பட்டறையிலும், கடைசல் மற்றொன்றிலும், முலாம் பூசுதல் வேறொன்றிலும் நிகழும். ஒரு பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தவர் பிட்டராகவோ டர்னராகவோ தேர்ந்து, பின்னர் ஒரு பழைய லேத்தை வாங்கித் தாமே பட்டறை தொடங்குவார். அவரிடம் இரண்டு புதியவர்கள் தொழில் கற்பார்கள். இவ்வாறு திறன் ஒருவரிடமிருந்து பலருக்குப் பரவியது. ஓர் இயந்திரம் பிறரிடம் சென்றால் முதலில் வைத்திருந்தவருக்கு அது இல்லாமற்போகும். திறன் அத்தகையதன்று, கற்பித்தவரிடமும் அது எஞ்சியிருக்கும்.

பட்டறையே பள்ளியாக

பார்த்துக் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பது விளங்காவிட்டால் புதிய இயந்திரம் வந்ததும் பழைய திறன் பயனற்றுப் போகும். இதை உணர்ந்த சிலர் தொழிற்கல்வி நிலையங்களை அமைத்தனர்.

பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர் நால்வர், தம் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாம் பங்கினை அறத்திற்கு ஒதுக்கினர். 1926இல் அவ்வறக்கட்டளை உருவாயிற்று. அதன் தொழிற்கூடத்தில் பம்புகளும் மோட்டார்களும் உற்பத்தியாயின. மாணவர்கள் அங்கேயே பயிற்சியும் பெற்றனர். 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி அத்தொழிற்கூடத்தை ஒட்டியே நிறுவப்பெற்றது. 1956இல் கோயம்புத்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியும், நூற்பாலைகள் ஒன்றுகூடி அமைத்த தென்னிந்திய நெசவு ஆராய்ச்சிக் கழகமும் தொடங்கப்பெற்றன. தனித்தனியே போட்டியிடும் ஆலைகள், ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பொதுவான ஓர் அமைப்பை உருவாக்கியமை கருதத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

கோயம்புத்தூரில் 'ஹோப்ஸ் காலேஜ்' என்னும் பேருந்து நிறுத்தம் இன்றும் உண்டு. 1945இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் அங்குத் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுக்கு, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் சூட்டப்பட்டது. பொறியியல் படிப்பைக் குறைந்த காலத்திலேயே கற்பிக்க முடியும் என்பது நாயுடுவின் கருத்து. அரசு அதை ஏற்காததால் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். கல்லூரி பின்னர் இடம்பெயர்ந்து அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. இடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை.

கற்பிக்கப்படாதவை

நகரின் வளர்ச்சியைக் கூறும்போது அதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். தொழில் கற்றுப் பட்டறை தொடங்கியோர் உண்டு; பல்லாண்டுகள் உழைத்தும் உதவியாளராகவே நின்றுவிட்டோரும் உண்டு.

இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களுள் பத்தில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆலைகளில் உள்ளனர். இது பெருமைக்குரியது. ஆயினும், மேற்கு மாவட்ட நூற்பாலைகள் சிலவற்றில் நடைமுறையிலிருந்த 'சுமங்கலித் திட்டம்' கடுங்கண்டனத்திற்கு உள்ளானது. ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டுகள் விடுதியில் தங்கி உழைத்தால், இறுதியில் மொத்தத்தொகை தரப்படும் என்பது அதன் உறுதிமொழி. இடையில் உடல்நலம் குன்றி வெளியேறியோர் அத்தொகையை இழக்க நேர்ந்தது. மூன்றாண்டு உழைத்தும் வேறிடத்தில் மதிக்கப்படும் தொழில்திறனோ சான்றிதழோ பெறாமல் வீடு திரும்பியோர் பலர்.

தொழிலாளிக்குக் கற்பிக்கப்பட வேண்டியது இயந்திரத்தை இயக்கும் முறை மட்டுமன்று. அதிலுள்ள தீங்குகளையும் அவர் அறிதல் வேண்டும். இதற்குச் சான்று செண்பகனூருக்கு அருகிலேயே உள்ளது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1983இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. மலைவாழ் குடும்பங்கள் பலவற்றிற்கு அது நிலையான சம்பளம் தந்தது. 2001இல், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கில் கண்டறியப்பட்டதும் தொழிற்சாலை மூடப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மை பற்றித் தங்களுக்கு உரியவாறு எடுத்துரைக்கப்படவில்லை என முன்னாள் தொழிலாளர்கள் முறையிட்டனர். பணியால் உடல்நலக்கேடு நேரவில்லை என நிறுவனம் மறுத்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்தின்பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு காணப்பட்டது. வேலைவாய்ப்பு மலைக்கே வந்தது. அவ்வேலையைப் பற்றிய அறிவு அதனுடன் வந்து சேரவில்லை.

போபால் நச்சுவாயு விபத்துக்குப்பின், தொழிற்சாலைச் சட்டத்தில் 1987இல் திருத்தம் செய்யப்பட்டது. பணியிடப் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை தொழிலாளர்க்கு அத்திருத்தத்தால் கிடைத்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்தவும் கல்வி வேண்டும்.

இன்றைய கூலியும் நாளைய திறனும்

இன்று லேத்தின் இடத்தில் கணினி வழிகாட்டும் இயந்திரம் நிற்கிறது. அளவுகளைக் கையால் சரிபார்த்தவர், திரையிலுள்ள வரைபடத்தைப் படிக்க வேண்டியுள்ளது. எனவே, பயிற்சி இல்லாதவருக்கும் பெற்றவருக்கும் இடையிலான தொலைவு கூடி வருகிறது.

செண்பகனூரிலிருந்து இருவர் கோயம்புத்தூருக்குச் செல்வதாகக் கொள்வோம். ஒருவர் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையில் சேர்கிறார். முதல் மாதமே ஊருக்குப் பணம் அனுப்புகிறார். மற்றவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் படிப்பில் சேர்கிறார். அக்காலத்தில் அவரால் பெரிதாக எதுவும் அனுப்ப இயலாது. சில ஆண்டுகள் கடந்தபின் முதலாமவரின் கூலி பெரிதும் உயர்ந்திராது. உடல் தளர்ந்தால் அதுவும் குறையும். இரண்டாமவர் ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குத் தம் திறனுடன் செல்ல முடியும்.

இதனால் முதலாமவர் தவறு செய்தார் எனக் கூறிவிட முடியுமா? வீட்டில் கடன் இருக்கலாம். மருத்துவச் செலவு இருக்கலாம். காத்திருக்க இயலாத குடும்பத்தைப் பார்த்து 'படித்திருக்கலாமே' என்று சொல்வது எளிது. அக்குடும்பம் காத்திருப்பதற்கு வழிசெய்வதே கடினமானது; தொழிலாளர் திறன் மேம்பாட்டின் உண்மையான பணியும் அதுவே. கட்டணமில்லாப் பயிற்சி, தங்கும் விடுதி, பயணச் சலுகை, பயிற்சிக்கால உதவித்தொகை ஆகியவை இதனால்தான் இன்றியமையாதவை. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பயிற்சிபெறும் காலத்திலேயே உதவித்தொகை வழங்க வகைசெய்தது. தமிழ்நாட்டு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022இல் திறன்பயிற்சிக்காகத் தொடங்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்வியோ தொழிற்பயிற்சியோ பெறும் மாணவியர்க்குப் 'புதுமைப்பெண்' திட்டமும், மாணவர்க்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன.

நிறைவாக

பஞ்சு, மின்சாரம், முதலீடு ஆகிய மூன்றும் கோயம்புத்தூரின் வளர்ச்சிக்கு உதவின. ஆயினும் அவற்றை வளமாக மாற்றியவை கற்ற கைகள். கற்பித்த இடங்களில் தொழிலாளியும் நகரமும் சேர்ந்து உயர்ந்தனர். கற்பிக்காமல் உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்ட இடங்களில் ஆலை வளர்ந்தது. உழைத்தவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

மலையிலிருந்து இறங்குவோர் அனைவரும் திரும்பாமல் போவதில்லை. பம்பு பழுது பார்க்கவோ, விளைபொருளைப் பதப்படுத்தவோ கற்றவர் தம் ஊரிலும் தொழில் நடத்தலாம். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு நல்ல விலை கிடைக்க, அத்தகைய கைகள் மலையிலும் தேவைப்படுகின்றன. பெருமாள்மலையில் பிரியும் சாலை இருவழிச் சாலை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து வேலைக்காக வெளியூர் சென்ற ஒருவரிடம் பேசி, அவர் அங்குக் கற்ற தொழிலைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'உடனடிக் கூலியா? தொழிற்பயிற்சியா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக. குடும்பத்தின் பொருளாதார நிலையையும் கருத்திற்கொள்க.

3. உங்கள் பகுதியிலுள்ள பட்டறை ஒன்றில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.

4. பணியிடப் பாதுகாப்பு பற்றித் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுவரொட்டியாக வடிவமைக்க.