திருவிழா மேடையில் இரையும் கிடார்: எந்த ஒயரை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

மாசி மாதம் மேல்மலையனூர்த் தேர் நெருங்கும்போது செஞ்சி வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்குக் கச்சேரிகள் வரிசையாக வந்துவிடும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், பக்கத்திலேயே மைக் செட்காரரின் ஆம்ப்ளிபயர் அடுக்கு. அங்கே எலெக்ட்ரிக் கிடாரைச் செருகியதும் ‘உம்ம்’ என்று இரைகிறது. பிக்கப்பை மாற்றலாமா, கூடுதல் சுவிட்ச் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் வீட்டு அறையில் கேட்க நன்றாக இருக்கும் மாற்றம் வேறு, ஜெனரேட்டர் பக்கத்தில் தாக்குப்பிடிக்கும் மாற்றம் வேறு. காசைச் செலவழிக்கும் முன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புச் சுருள். கிடார்க் கம்பி அதிர்ந்தால் அதில் சிறு மின்னழுத்தம் எழும். அருகில் டிரான்ஸ்பார்மரோ மின் மோட்டாரோ இருந்தால் அதன் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தையும் அதே சுருள் பிடித்துக்கொள்ளும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை மின்வழியில் எதிரெதிராகவும் காந்த முனைகளை மாற்றியும் அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஒலி மட்டும் சேர்ந்து வரும். இதுதான் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்).

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கிடாரின் வால்யூமைப் பூஜ்ஜியத்துக்குக் குறைத்த பிறகும் இரைந்தால் குற்றம் பெரும்பாலும் கேபிள், ஆம்ப்ளிபயர் அல்லது கரண்ட் லைனில் இருக்கிறது, கிடாரைத் திறக்காதீர்கள். வால்யூமை ஏற்றி, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறைந்து இன்னொரு திசையில் கூடினால் அது காந்தப்புல இரைச்சல். உள்ளே செப்புத்தாள் ஒட்டுவதால் அது போகாது. கம்பியைத் தொட்டதும் ‘கிர்ர்’ சத்தம் குறைந்தால் அது மின்புல இரைச்சல். அதற்குத்தான் செப்புத்தாள் பயன்படும், தாளையும் எர்த்தோடு சேர்த்திருந்தால். தொட்டதும் சத்தம் கூடினால் ஜாக்கில் ஒயர்கள் இடம் மாறியிருக்கலாம். தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே மாதிரி ‘கிர்ர்’ என்றால் பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் பாகம்) போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கலாம்.

இரைச்சலை நிறுத்த சிலர் ஆம்ப்ளிபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகுகிறார்கள். இரைச்சல் குறையவும் செய்யும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஒழியவில்லை. கிடார்க் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிபயரின் உலோக உடலோடு இணைந்தவை. உள்ளே எங்காவது கசிவு ஏற்பட்டால் மின்சாரம் வாசிப்பவரின் விரலுக்கு வந்து, மைக்கைத் தொட்டதும் உடல் வழியாகப் பாயும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். செஞ்சி போன்ற கருங்கல் பூமியில் இன்னும் கவனம் தேவை. வறண்ட பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்து வைத்தால் மட்டும் நல்ல எர்த் கிடைத்துவிடாது. வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையைக் கிடார்க் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மைக் செட்காரர் சரிசெய்யும் வரை இரண்டையும் சேர்த்துத் தொடாதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மேடை லைனில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

இனி ஒயரிங். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிடாருக்கு முதல் தீர்வு செலவே இல்லாதது. 1954இல் வந்த அந்தக் கிடாரில் மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்தி இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்க வைத்தார்கள். அதைத் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் 1977இல்தான் ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது. இன்று பெரும்பாலான கிடார்களில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கிறது. இரண்டாவது, நான்காவது நிலைகளுக்கு மாற்றியதும் இரைச்சல் சட்டென்று அடங்கினால் உங்களுடையதும் அந்த வகைதான். மேடையில் சுவிட்சை அந்த நிலைகளிலேயே வைத்து வாசியுங்கள். கழுத்துப் பக்க பிக்கப்பையும் பிரிட்ஜ் பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் புஷ்-புல் (இழுத்தால் சுவிட்சாகும் வால்யூம் குமிழ்) மாற்றத்தைப் பலரும் விரும்புகிறார்கள். ஒலி அழகுதான். ஆனால் வழக்கமான செட்டில் அவ்விரண்டும் ஒரே திசைச் சுருள்கள்; இரைச்சல் அழியாது. ஒலிப்பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம், தேர்த் திருவிழாவுக்கு உதவாது.

ஹம்பக்கர் வைத்திருப்பவர்கள் ‘காயில் ஸ்பிளிட்’ (ஒரு சுருளை அணைத்துவிடுவது) கேட்கிறார்கள். ஒலி மெலிந்து தெளிவாகும் என்பது உண்மை. அணைத்த நொடியே அது சிங்கிள் காயில் ஆகிவிடுவதால் இரைச்சலும் திரும்பி வந்துவிடும். இதற்குப் பதில், தொடரிணைப்பில் உள்ள இரண்டு சுருள்களையும் பக்க இணைப்புக்கு மாற்றும் சுவிட்சையே நான் சொல்வேன். ஒலி ஏறக்குறைய அதே தெளிவைப் பெறும், இரைச்சலும் எழாது. இதற்குப் பிக்கப்பிலிருந்து நான்கு தனி ஒயர்களும் ஒரு எர்த் உறையும் வரவேண்டும். ஒரே ஒயரும் பின்னல் உறையும் மட்டும் வந்தால் வீட்டில் பிரிக்க முயலாதீர்கள். உள்ளே இருக்கும் சுருள் கம்பி சுமார் 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது.

சீமோர் டங்கன் என்ற பிக்கப் நிறுவனத்தின் நிற முறையில் கறுப்பு சிக்னல், பச்சையும் வெற்று ஒயரும் எர்த், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக இணைந்தவை. ஆறு கால் சுவிட்சின் நடு இரண்டு கால்களில் சிவப்பையும் வெள்ளையையும் வையுங்கள். மேல் இரண்டு கால்களை ஒன்றோடொன்று சிறு ஒயரால் இணைத்தால் அது தொடர். கீழே, சிவப்புக்கு நேரான காலை கறுப்போடும் வெள்ளைக்கு நேரான காலைப் பச்சையோடும் சேர்த்தால் அது பக்க இணைப்பு. டிமார்சியோ நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்புதான் சிக்னல், கறுப்பும் வெள்ளையும் இணைப்பு, பச்சை எர்த். நிறத்தை மட்டும் நம்பி ஒரு நிறுவனத்தின் படத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் சத்தமே வராமல் போகும், அல்லது சன்னமாக மூக்கால் பேசுவது போல வரும். பதற வேண்டாம், எதுவும் எரிந்துபோகாது. ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

பற்றவைக்கும் முன் எல்லா இணைப்புகளையும் செல்போனில் படமெடுங்கள். குமிழின் முதுகில் எர்த் வைக்க 40 முதல் 60 வாட் அயர்ன் வேண்டும். சிறிய அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் குமிழின் உட்புறம் வெந்துவிடும். உள்ளேயே பிசின் உள்ள ஈயத்தைப் பயன்படுத்துங்கள். தகரம் பற்றவைக்கும் அமிலப் பேஸ்ட் நாளடைவில் செம்பை அரித்துவிடும். கடை வீதியில் டிவி, ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பவர் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்வார், நீங்கள் வரைபடத்தைக் கையில் கொடுத்தால். சென்னை ரிச்சி தெருவில் குமிழ் வாங்கும்போது சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்று கேளுங்கள். வால்யூமுக்கு ‘ஏ’ எழுத்துள்ளது நல்லது. புஷ்-புல் குமிழுக்கு உயரம் அதிகம். கிடாரின் குழி எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டு போங்கள்.

யாராவது ‘கருவியைக் குடைந்து கெடுக்கிறாய்’ என்றால், மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸைச் சொல்லுங்கள். எட்டுக் கம்பிகளை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, மின் மாண்டலினில்தான் கர்நாடக இசையை வாசித்தார்.

மூடியைத் திருகும் முன் வால்யூமை முழுதாக வைத்து, ஜாக்கில் செருகிய கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். தொடரில் 8 கிலோ ஓம் அளவில் காட்டும் ஹம்பக்கர், பக்க இணைப்பில் ஏறக்குறைய 2 காட்ட வேண்டும். இரண்டு நிலையிலும் ஒரே எண் வந்தால் சுவிட்ச் வேலை செய்யவில்லை. அளவு சரியாக இருந்தும் பக்க இணைப்பில் ஒலி மிகவும் தாழ்ந்தால், கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்படி பக்கத் திருகை ஏற்றுங்கள். மிக நெருக்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும். உடனே அரைச் சுற்று இறக்கிவிடுங்கள்.